மேளம் யார் கையில், முடிவு யார் கையில்?

பயிற்சி முகாம்களில் கல்லூரித் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று இவ்வளவு வேலை கிடக்கும்போது பாட்டு, பறை, ஓவியம் என்று ஏன் நேரத்தைச் செலவழிக்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. விழா என்றாலே ஒரு பறைக்குழுவைக் கூப்பிடுவார்கள். முதல் பத்து நிமிடம் அடிக்க விடுவார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் மேடையேறிவிடுவார். கலைஞர்கள் ஓரமாக நின்று பொட்டலச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். மறுநாள் "விளிம்புநிலைக் கலைஞர்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்தோம்" என்று படம் வரும்.

கலை எதற்கு என்று கேட்பவர்களுக்கும், மேடை கொடுத்தாலே ஆதரவு என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். இது நம் ஊர் வரலாறு இல்லை. கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிழைப்புக்காக லண்டன் போன கருப்பின மக்கள் தங்கள் கலையை எப்படிக் காப்பாற்றினார்கள், அவர்களுக்கு யார் எப்படித் துணை நின்றார்கள் என்ற வரலாறு. சமூகவியல் முதுகலை படித்தபோது நிறவெறி பற்றிய பாடத்தில் இதை வாசிக்கத் தொடங்கினேன். வேலைக்கு வந்த பிறகுதான் இதன் பயன் புரிந்தது. வடசென்னையில் ஒரு குடியிருப்பில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குப் பறையும் கானாவும் சொல்லித்தரும் வகுப்பை நானும் சில தோழர்களும் நடத்திவருகிறோம். அங்கே எழும் பல கேள்விகளுக்கு லண்டன் மக்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மோதிப் பார்த்து விடை கண்டிருக்கிறார்கள்.

கதையை டிரினிடாடிலிருந்து தொடங்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்ற மக்கள் தீப்பந்தமும் மேளமும் ஏந்தித் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஆண்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1881இல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் போலீசும் மக்களும் மோதிக்கொண்டார்கள். 1884இல் சட்டம் போட்டு மேளத்தையும் பந்தத்தையும் தடுத்தார்கள். அதே 1884 அக்டோபரில், கூலி ஒப்பந்தத்தில் அங்கே போயிருந்த இந்தியத் தொழிலாளர்கள் முஹர்ரம் ஊர்வலத்தை மேளதாளத்தோடு நடத்தியபோது, சான் பெர்னாண்டோவில் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். ஆப்பிரிக்கர் மேளமும் இந்தியக் கூலியின் மேளமும் ஒரே ஆண்டில், ஒரே அரசின் கண்ணில் குற்றமாயின.

மேளத்தைப் பிடுங்கிய பிறகு மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி என்று கையில் கிடைத்த தகரத்தையெல்லாம் தட்டினார்கள். 1940களில் எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பக்கத்தைக் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் பிறக்கும்படி செய்தார்கள். அதுதான் ஸ்டீல்பேன். அதைச் செய்தவர்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குப்பத்து இளைஞர்கள். 'நல்ல குடும்பத்துப்' பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவர்கள் ரவுடிகள், காலிகள் என்று ஊர் பேசியது. கானா பாடுபவனை நம் ஊர் எப்படிப் பேசியதோ அப்படி. பிற்பாடு 1992இல் அதே ஸ்டீல்பேன் அந்த நாட்டின் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் "நம் பறை மாதிரியே" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். அவ்வளவு சுலபமாக இரண்டையும் ஒட்டவைக்க முடியாது. அங்கே மேளம் அடிக்கக் கூடாது என்று தடை. இங்கே மேளம் அடித்தே தீர வேண்டும் என்று கட்டாயம். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் கூப்பிட்டால் போய் அடிக்க வேண்டும். அடிக்க மாட்டோம் என்று நம் மக்கள் சொன்ன ஊர்களில் அடியும் ஊர்விலக்கும் கிடைத்தன. ஆகவே நம்மில் சிலருக்குப் பறையைத் தூக்கி எறிவது விடுதலை. சிலருக்கு அதையே நம் விருப்பத்தோடு கையில் எடுப்பது விடுதலை. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை, முடிய வேண்டிய அவசரமும் இல்லை. தடையானாலும் கட்டாயமானாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்: எப்போது, எங்கே, யாருக்காக அடிப்பது என்ற முடிவு அடிப்பவன் கையில் இல்லை. கலைஞருக்குத் துணை நிற்பது என்றால் அந்த முடிவை அவர் கைக்குத் திருப்பித் தருவது. என் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். லண்டன் கதையும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபிய மக்களை ஏற்றிக்கொண்டு லண்டனை அடுத்த டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் லார்ட் கிச்சனர் என்ற கலிப்சோ பாடகர். படம்பிடிக்க வந்த செய்திக்காரர்கள் முன் அவர் லண்டனைப் புகழ்ந்து பாடினார். போருக்குப் பின் பிரிட்டனுக்கு ஆள் தேவைப்பட்டது. பஸ், ரயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இவர்கள் உழைப்பு வேண்டும். ஆனால் குடியிருக்க வீடு கேட்டால் கதவு சாத்தப்பட்டது. கருப்பர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று வெளியே எழுதியே வைத்திருந்தார்கள். நாட்டிங் ஹில் என்ற பகுதியில் இடிந்துவிழும் நிலையில் இருந்த வீடுகளில், ஒரே அறையில் பலர் கூடி, அநியாய வாடகை கொடுத்து வாழ்ந்தார்கள்.

1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் நாட்டிங் ஹில்லில் கருப்பின மக்களின் வீடுகளைத் தாக்கின. நாள்கணக்கில் வன்முறை நடந்தது. தற்காத்துக்கொள்ளத் தெருவில் இறங்கிய கருப்பின இளைஞர்களும் கைதானார்கள், அபராதம் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் கிளாடியா ஜோன்ஸ் ஒரு வேலை செய்தார். இந்தப் பெயரை நம் இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1915இல் டிரினிடாடில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க் போனது. அம்மா தையல் ஆலைத் தொழிலாளி. கிளாடியா சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோனார். வறுமையில் வந்த காசநோய் கிளாடியாவின் நுரையீரலைக் கடைசிவரை விடவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கருப்பின உழைக்கும் பெண்ணின் நிலை பற்றி எழுதினார், பேசினார். அமெரிக்க அரசு சிறையில் போட்டது. 1955 டிசம்பரில் நாடு கடத்தியது. லண்டன் வந்து சேர்ந்தவர் 1958 மார்ச்சில் பிரிக்ஸ்டனில், ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியில், 'வெஸ்ட் இண்டியன் கெசட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை தொடங்கிய அதே ஆண்டில்தான் கலவரம்.

அடிபட்டு, பயந்து, கோபத்தில் இருந்த மக்களுக்கு கிளாடியா கொடுத்தது ஒரு கார்னிவல். 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்கராஸ் நகர மண்டபத்தில் நடந்தது. டிரினிடாட் கார்னிவல் தெருவில் நடப்பது. லண்டன் ஜனவரிக் குளிரில் அதைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார். கலிப்சோ, ஸ்டீல்பேன், நடனம், அழகிப் போட்டி எல்லாம் இருந்தன. அழகிப் போட்டி என்றதும் நமக்கு முகம் சுளிக்கிறது. கருப்பு நிறமே அசிங்கம் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தபோது கருப்பினப் பெண்களை மேடையேற்றி அழகு என்று சொன்னது அன்றைக்கு என்ன செய்தி என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிபிசி அதை ஒளிபரப்பியது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் விழா மலரில் இருக்கிறது. மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் மாட்டிக்கொண்ட இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கருப்பு இளைஞர்கள், வெள்ளை இளைஞர்கள் இருவருக்கும். பாட்டும் ஆட்டமும் எதற்கு என்று கேட்கும் தம்பிகளே, பதில் இங்கே இருக்கிறது. கலை ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம் என்று கிளாடியா பிரிக்கவில்லை. மக்கள் ஒரே மண்டபத்துக்கு வந்தார்கள். அங்கே மானமும் கிடைத்தது, அபராதப் பணமும் சேர்ந்தது, அடுத்த கூட்டத்துக்கு ஆளும் கிடைத்தது.

நான்கு மாதம் கூட ஆகவில்லை. 1959 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி நாட்டிங் ஹில் தெருவில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். இதுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் நடந்தார்கள். கார்னிவல் நடத்தியதால் கொலை நிற்கவில்லை. அப்படி யாரும் நம்பவும் இல்லை. ஆனால் அந்த ஊர்வலத்துக்கு மக்களைத் திரட்டும் வலு ஒரே நாளில் வந்ததில்லை. கிளாடியா தன் வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் கார்னிவலை நடத்தினார். 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் 49 வயதில் இறந்தார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்கு இடப்பக்கம் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

அடுத்த அத்தியாயம் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களுக்கானது. ரோன் லாஸ்லெட் நாட்டிங் ஹில்லில் வாழ்ந்து அங்கேயே வேலை செய்த பெண். 1966இல் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தெருத் திருவிழா ஒன்றை ஏற்பாடு செய்தார். ஐரிஷ், போர்த்துகீசியர், ஆப்பிரிக்கர், கரீபியர் எனப் பல நாட்டவர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ரஸ்ஸல் ஹென்டர்சனின் ஸ்டீல்பேன் குழுவை அழைத்தார். ஹென்டர்சனும் அவரோடு வாசித்த ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட்டும் ஒரு மதுக்கடையில் ஞாயிறுதோறும் வாசித்து வந்தவர்கள். பெட்டன்கோர்ட் 1951இல் டிரினிடாட் ஸ்டீல்பேன் இசைக்குழுவோடு லண்டன் விழாவுக்கு வந்து, ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்.

அன்றைக்கு ஹென்டர்சன் ஒரே இடத்தில் நின்று வாசிக்கவில்லை. கழுத்தில் பேனை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். அவர் ஊரில் கார்னிவல் என்றால் நடப்பதுதான். வீடுகளிலிருந்து கரீபிய மக்கள் இறங்கி வந்து பின்னால் நடந்தார்கள். பிள்ளைகள் திருவிழாவாகத் திட்டமிட்டது அன்றைக்கே வேறொன்றாக மாறிவிட்டது. நம் துறையில் பலர் செய்வதைப் போல, "திட்ட அறிக்கையில் ஊர்வலம் இல்லையே" என்று அங்கே யாரும் தடுக்கவில்லை. லாஸ்லெட் கதவைத் திறந்தார். எந்தப் பக்கம் நடப்பது என்பதை ஹென்டர்சன் தீர்மானித்தார். சமூகப் பணியாளரின் வேலை எங்கே முடிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வகுப்பறையில் இல்லை.

1973இல் டிரினிடாடில் பிறந்த லெஸ்லி பால்மர் என்ற ஆசிரியர் பொறுப்பேற்றார். லண்டனில் பிறந்து வளர்ந்த ஜமைக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டீல்பேன் அப்பா அம்மா காலத்து விஷயம். அவர்களுடையது ரெக்கே, சவுண்ட் சிஸ்டம். பால்மர் தெருமுனைகளில் பெரிய ஒலிபெருக்கிகளோடு அவர்களையும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் பல மடங்கு பெருகியது. கூடவே போலீசும் பெருகியது. 1976இல் சுமார் 3,000 போலீசாரைக் குவித்தார்கள், மோதல் வெடித்தது. அதற்குப் பிறகு தெருவிலிருந்து எடுத்து ஏதாவது பூங்காவுக்குள் கொண்டுபோய்விடலாம் என்ற பேச்சு விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. பூங்காவுக்கு வேலி உண்டு, வாசல் உண்டு, டிக்கெட் போடலாம். தெரு அப்படி இல்லை. அடித்து விரட்டப்பட்ட அதே தெருவில் நடப்பதுதான் கார்னிவலின் பொருள். இன்று ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள்கள் நடக்கும் அந்த விழாவுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வருகிறார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆடை தைப்பவர்களும் பேன் பழகுபவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி நடக்கும் வியாபாரத்தின் லாபம் வேறு இடத்துக்குப் போகிறது.

மேடை ஒரு நாளைக்கு. பழகுவதற்கு ஆண்டு முழுக்க ஓர் அறை வேண்டும். இதை லண்டன் கருப்பின மக்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1971இல் கயானாவிலிருந்து வந்த ஆஸ்கர் ஏப்ரம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இஸ்லிங்டனில் கெஸ்கிடீ மையத்தைத் தொடங்கினார். கருப்பின மக்களுக்கான பிரிட்டனின் முதல் கலை மையம் என்று அதைச் சொல்வார்கள். நாடகம், ஓவியம், நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். லிண்டன் குவேசி ஜான்சன் என்ற கவிஞர் அங்கே வேலை பார்த்தவர். பாப் மார்லி 1978இல் ஒரு பாடலை அங்கே படமாக்கினார்.

ஆப்பிரிக்கர்களுக்கு கோவென்ட் கார்டனில் ஆப்பிரிக்கா சென்டர் இருந்தது. 1964இல் கென்னத் கவுண்டா திறந்துவைத்தார். விடுதலைப் போராட்டக்காரர்கள் பகலில் கூட்டம் போட்ட கட்டடத்தில் இரவில் ஆப்பிரிக்க இசைக்குழுக்கள் வாசித்தன. 1980களில் வாலா டங்கா என்ற ஜிம்பாப்வேக்காரர் அங்கே நடத்திய லிம்போபோ கிளப், ஆப்பிரிக்க இசைக்கு லண்டனில் ஒரு வீடாக இருந்தது. நகரின் நடுவில் இருந்த அந்தக் கட்டடத்தை, எதிர்ப்புகளுக்கு இடையில், 2013இல் விற்றார்கள். 2022இல்தான் சதர்க்கில் வேறு கட்டடத்தில் மையம் மறுபடி திறந்தது. கெஸ்கிடீ மூடப்பட்டு, பிறகு அந்தக் கட்டடமும் தீயில் எரிந்துபோனது. கலைஞர்களின் பெயர் நிற்கிறது, கட்டடம் நிற்பதில்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி நிலப் போராட்டத்துக்கு மட்டுமானதென்று நினைக்காதீர்கள்.

பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1976இல் நசீம் கான் என்ற பத்திரிகையாளர் ஓர் அறிக்கை எழுதினார். அவருடைய அப்பா இந்தியர், அம்மா ஜெர்மானியர். ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியக் குடியேறிகள் பிரிட்டனில் என்னென்ன கலைகளை வளர்க்கிறார்கள், அதற்கு அரசு என்ன தருகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை. பிரிட்டன் கண்டுகொள்ளாத கலைகள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அவர் கண்டது நமக்குப் பழகிய காட்சிதான். கலை இருந்தது, பயிற்சி செய்ய இடம் இல்லை, பணம் இல்லை, அங்கீகாரம் இல்லை. அரசின் கலை நிதி இந்த மக்களை எட்டவே இல்லை. இவர்களும் வரி கட்டுகிறார்கள், இது பிரிட்டனின் கலைதான், ஆகவே பங்கு கேட்பது உரிமை என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. பிச்சையாகக் கேட்காமல் பங்காகக் கேட்கும் இந்த மொழி அம்பேத்கரியர்களுக்கு உடனே புரியும்.

கற்பிக்கும் இடம் என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். ஜான் ஸ்டீவன்ஸ் என்ற ஜாஸ் டிரம்மரும் டேவ் ஓ'டானலும் 1983இல் லண்டனில் 'கம்யூனிட்டி மியூசிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். காசு கொடுத்துக் கற்க முடியாத இளைஞர்களுக்கும் இசை சொல்லித்தருவது அதன் வேலை. 1993இல் அங்கே நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் மூவர் சேர்ந்தார்கள்: சொல்லிக்கொடுத்த அனிருத்த தாஸ், குடியுரிமைப் பணியாளரான ஜான் பண்டிட், படிக்க வந்த வங்கதேசக் குடும்பத்துச் சிறுவன் தீதார் ஜமான். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் அங்கே பிறந்தது. ஜமைக்காவின் டப் இசையை ஆசியக் குடியேறிகளின் குரலோடு கலந்தார்கள். தன்னைத் தாக்கியவர்களிடமிருந்து தற்காத்துக்கொண்டதற்காகக் கொலைக் குற்றவாளியாகச் சிறையில் கிடந்த சத்பால் ராமின் விடுதலைக்காகப் பாடினார்கள். அவர் 2002இல் வெளியே வந்தார். புகழ் வந்த பிறகு அந்தக் குழு இளைஞர்களுக்கு இசை சொல்லித்தரத் தனியாக ஒரு கல்வி அமைப்பையும் தொடங்கியது. ஓர் இலவச வகுப்பிலிருந்து ஒரு குழு, அந்தக் குழுவிடமிருந்து ஒரு சிறைக்கைதிக்கான குரல், மறுபடியும் ஒரு வகுப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் குடியிருப்பில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். பறை சொல்லித்தரும் அண்ணனுக்கு மாதா மாதம் சம்பளம் உண்டு. "சேவை" என்று சொல்லி யாரையும் சும்மா வேலை வாங்குவதில்லை. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் பிள்ளைகளும் பெற்றோரும் உட்கார்ந்து பேசிப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஒருமுறை ஒரு பெரிய நிறுவனத்தின் சிஎஸ்ஆர் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கி மேடை வரும்வரை முன்னால் பறை அடித்துக்கொண்டு போக வேண்டும். சாப்பாடும் சான்றிதழும் தருவோம், பணம் கிடையாது என்றார்கள். கூட்டத்தில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க தாத்தா இதைத்தானே ஊர்ல பண்ண மாட்டேன்னு சொல்லிட்டு மெட்ராசுக்கு வந்தாரு?" என்று கேட்டாள். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. நாங்கள் போகவில்லை.

சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். சாவு வீட்டுப் பாட்டு, குடிகாரன் பாட்டு என்று இளக்காரமாகப் பேசப்பட்ட கானா, இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடியது. அங்கே கலைஞர்கள் முதல் பத்து நிமிடத்துக்கு வந்த அலங்காரம் கிடையாது. மேடை அவர்களுடையது, என்ன பாடுவது என்ற முடிவும் அவர்களுடையது. கிளாடியா ஜோன்ஸின் மண்டபம் எனக்கு அங்கே கண்ணில் தெரிந்தது.

கடைசியாக, நம் மனதுக்குக் கஷ்டமான ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புக்கு ஒரு மாணவர் வந்தார். ஆப்பிரிக்காவின் கானா நாட்டைச் சேர்ந்தவர், சென்னையில் படிக்கிறார், மேளக்காரர். மேளம் அடித்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், பழக எங்காவது இடம் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "அண்ணா, நீங்க கானாவா? நாங்களும் கானாதான்!" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஆனால் தெருமுனையில் நின்ற சில இளைஞர்கள் அவர் நிறத்தைச் சொல்லிக் கத்தினார்கள். நம் தெருப் பையன்கள்தான். சேரிப் பேரைச் சொன்னால் வீடு கிடைக்காது என்று அனுபவித்தவர்களின் பிள்ளைகள். பறை அண்ணன் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன்ன ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு வீட்ல போய்க் கேளு" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாணவருக்கு நாங்கள் சம்பளம் தர முடியவில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்து பணம் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. குடியேறிய கலைஞரின் கழுத்தில் எப்போதும் ஒரு காகிதம் தொங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஞாயிறு காலையில் அறைச் சாவியை அவர் கையில் கொடுத்தோம். தனக்காகப் பழகிக்கொள்ளலாம், யாருக்கும் எதுவும் செய்து காட்ட வேண்டியதில்லை. சில மாதம் கழித்து அவரே விரும்பிப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். எங்கள் ஆண்டு விழா நோட்டீஸில் தன்னார்வலர் ஒருவர் "ஆப்பிரிக்க மேளம்" என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்கள் பறையை 'ஆசிய மேளம்' என்று எழுதுவீர்களா?" என்று கேட்டார். அவர் ஊர்ப் பெயரும் மேளத்தின் பெயரும் அவர் சொன்னபடி அச்சாகின.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை கலைஞர்களை ஆதரிக்கிறோம் என்று யாராவது சொன்னால், நீங்களே சொன்னாலும், நான்கு கேள்வி கேளுங்கள். பழகுவதற்கு நிரந்தர இடம் இருக்கிறதா? உழைப்புக்குக் கூலி இருக்கிறதா? என்ன வாசிப்பது, எப்போது மறுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? போலீஸ் வந்தால், வீட்டுக்காரர் விரட்டினால், விசா சிக்கலானால் கூட நிற்க யார் இருக்கிறார்கள்? நான்குக்கும் பதில் இல்லையென்றால் அங்கே நடப்பது விழா மட்டும்தான். நம் கல்லூரியில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்ற ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நிதி தேவையில்லை, அனுமதி தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

ஜெய்பீம்.